ஆளில்லாத தீவு

நிலாவெளிக் கடற்கரையில் கூட்டம் என்று, கந்தளாயிலிருந்து வந்த புதுத் தம்பதி நிக்கலஸும் மாகிரட்டும் பக்கத்துத் துறைமுகத்துக்குள் இருந்த ஓர் ஆளில்லாத தீவுக்குப் போனார்கள்.

மத்தியானம் கூட்டிப்போவதாகச் சொன்ன படகுக்காரர் ஜவாஹிர், பின்னேரமாகியும் வரவில்லை. தண்ணீரும் முடிந்துவிட்டது.

"உம்மட மஞ்சள் சீலையை எடும். மரக்கொம்பில கட்டினால் தூரத்திலயும் தெரியும்," என்றான் நிக்கலஸ் மனைவியிடம்.

கட்டினார்கள். நெருங்கி வந்த படகுகளெல்லாம் சட்டென்று திரும்பி ஓடின.

"ஏன் எங்களைக் கண்டு ஓடுகினம்?" மாகிரட் அழுதாள்.

கடைசியில் ஜவாஹிர் வந்தார். படகைத் தூரத்திலேயே நிறுத்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"துறைமுகத்துல மஞ்சக் கொடி ஏத்தினா கொள்ளைநோய் எண்டுதானே! ஆருக்கு வாந்திபேதி?"

"ஒருத்தருக்கும் இல்லை, ஜவாஹிர் நானா!" என்று அண்ணன் முறை சொல்லிக் கத்தினான் நிக்கலஸ்.

"எல்லாக் கப்பலும் முதல்ல அப்பிடித்தான் சொல்லும்," என்று படகைத் திருப்பினார் ஜவாஹிர்.