கையால் மூடிய வழி

“இது தானா போகலை. யாரோ கையால மூடியிருக்காங்க!”

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் அண்ணிக்குக் கோபம் தலைக்கேறியது. ஸ்கேன் படங்கள் சேமிப்புப் பெட்டிக்குப் போய்வர இருப்பதே இரண்டு வழிகள். நடுவில் இருக்கும் ஸ்விட்ச், ஒவ்வொரு வழியின் நிலையையும் திரையில் எழுதிக் காட்டும். தானாக அறுந்தால் ஒரு சொல், ஆள் மூடினால் வேறு சொல். இரண்டாம் வழிக்கு நேரே இருந்தது அந்த வேறு சொல்.

யாரென்று தேடவே வேண்டாம். அந்த அறைக்குப் பொறுப்பு அவளும் அவளுடைய நாத்தனாரும்தான்.

“நீயா மூடினே?”

“ஆமா அண்ணி.”

“ஏன்?”

நாத்தனார் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“உள்ளே ஆபரேஷன் நடக்குது. இருக்கிற ஒரு வழியும் போச்சுன்னா டாக்டர் எதைப் பார்த்துக் கத்தி வைப்பாரு? உங்க அண்ணன் முகத்துக்காக இதை விட முடியாது. டைரக்டர்கிட்ட சொல்லிடப் போறேன். உன் வேலை போனா என்னைக் கேட்காதே.”

“சொல்லுங்க அண்ணி. ஆனா அதை மட்டும் திறந்துடாதீங்க.”

யார் கேட்பது? அண்ணி திறந்தாள். திரையில் பளிச்சென்று பச்சை.

“நல்லாத்தானே இருக்கு!” என்று அவள் திரும்புவதற்குள் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன் அலறியது.

“மேடம், படம் பாதியில நிக்குது!”

நாத்தனார் பாய்ந்து வந்து வழியை மறுபடி மூடினாள்.

“ஆங், வந்துடுச்சு மேடம்.”

அண்ணிக்குப் போன உயிர் திரும்பியது. “பச்சை காட்டுச்சே!”

“உயிர் இருக்குன்னுதான் அண்ணி பச்சை சொல்லும். பக்கத்துல பிழை எண்ணிக்கை எப்படி எகிறியிருக்கு பாருங்க. அடியோட செத்த வழின்னா எல்லாம் அடுத்த வழியில போயிடும். இது குத்துயிரா கிடந்து அத்தனையையும் இழுத்துப் பிடிக்குது. அதான் மூடினேன்.”

அண்ணி திரையையே பார்த்தாள். இத்தனை வருஷமாக ‘மூடப்பட்டது’ என்ற சொல்லைப் பார்த்தாலே யாரோ தப்பு செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பாள். ஒரு வழியை மூடி இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியையே ஓட வைக்கலாம் என்பது அவளுக்கு மலைப்பாக இருந்தது.

“இதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே! அந்த வழியோட ஒயர் எப்படிக் கெட்டுது?”

“பழசு அண்ணி, விடுங்க. புது ஒயருக்குச் சொல்லியாச்சு.”

அண்ணி விடுகிற ஆளா? பெட்டிக்குப் பின்னால் போய் டார்ச் அடித்தாள்.

ஒயர் புத்தம் புதுசு. கண்ணாடி இழை ஒயர், அழுந்த மடங்கினால் உள்ளே ஒளி ஒழுங்காக ஓடாது. அதைப் பிளாஸ்டிக் பட்டை போட்டு, இறுக்கி, மடக்கிக் கட்டியிருந்தவள் அண்ணியேதான்.

பின்னால் வந்து நின்றாள் நாத்தனார்.

“நேத்து டைரக்டர், ஒயரை நீங்க அழகா கட்டியிருக்கிறதைக் காட்டித்தானே எல்லார் முன்னாடியும் உங்களுக்குக் கைதட்டினாரு. அதைப் போய் எப்படி அண்ணி சொல்லுவேன்?”