ஆறு மூடி விஸ்கி

இருமல் மருந்து மூடியில் பத்து மில்லி பிடிக்கும். அறுபது மில்லிக்கு ஆறு மூடி.

ஆனந்தி ஒவ்வொரு மூடியையும் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டு ஊற்றினாள். ஐந்தாவது மூடியில் இரண்டு சொட்டு சமையல் மேடையில் விழுந்தது. கரித்துணியால் அவசரமாகத் துடைத்தாள்.

விஸ்கி சவர் என்பது நூற்றைம்பது வருடப் பழைய பானம் என்று செல்போனில் ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு. குலுக்கினால் முடிந்தது. இருபத்தாறு வருடமாக ரசம் வைக்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

பாட்டில் அவள் கணவன் சேவியருடையது.

தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பலோடு வந்து, பாட்டிலை ஹாலில் ஷோகேஸுக்குள் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தான். விஸ்கி நின்ற மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டான். தன் பூட்டுக் கடையிலிருந்தே கொண்டு வந்த பூட்டைப் போட்டுப் பூட்டினான். அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சாவியை ஆனந்தியின் கையில் வைத்தான். ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டுத் தொடமாட்டானாம்.

அதிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பாட்டிலைப் பார்த்தார்கள். பிறகுதான் மாதாவைப் பார்த்தார்கள். சாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் ஒரு குடும்பத் தலைவரைப் பாராட்டினார். சேவியர் தலையைக் குனிந்துகொண்டான். மொத்தக் கோவிலும் அவன் பக்கம் திரும்பியது.

ஆனந்தியும் சாம்பல் புதனன்றே ஒன்றை விட்டிருந்தாள். அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தினமும் தூசி தட்டும்போது கோட்டைப் பார்ப்பாள். மயிரிழை இறங்கியிருக்காது. பெருமையாகத்தான் இருந்தது. கூடவே கொஞ்சம் எரிச்சலும். சாயங்காலம் ஷோகேஸ் முன்னால் நின்று அவன் ஒரு பெருமூச்சு விடுவான். தியாகம் பண்ணுகிற மனுஷன் என்று அவனுக்கு ஒரு வடை கூடுதலாகப் போகும். டிவி ரிமோட்டும் அவன் கைக்கே போகும். விடியற்காலையில் அவளை எழுப்பாமல் தானே டீ போட்டுக் குடித்தான். அதில்தான் அவள் மனம் ரொம்ப இளகிப்போனது.

இன்றைக்கு ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனி. ராத்திரிப் பூசைக்கு நாற்காலி போடக் கோவிலுக்குப் போயிருந்தான். நாளைக்குப் பூட்டைத் திறந்துவிடுவான்.

அதற்குள் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அவன் விட்டது பெரிதா, அவள் விட்டது பெரிதா?

அவனுடையதுதான் பெரிது என்று நாக்கு சொல்லிவிட்டால், ஒத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவாள். வெறும் விஸ்கி தொண்டையில் இறங்காது என்றுதான் எலுமிச்சையும் சர்க்கரையும்.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்தால் நுரை வரும் என்றாள் செல்போன் பெண். தவக்காலம் முடிவதற்குள் முட்டை தொடுவது பாவம் என்று ஆனந்தி அதை மட்டும் விட்டுவிட்டாள்.

எடுத்த ஆறு மூடியை ஈடுகட்டவும் ஏற்பாடு இருந்தது. அடுப்பில் பால் சேர்க்காத டீ டிகாஷன். நிறம் அச்சு அசலாக இருந்தது. அது கொதித்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

சிறுமலை எலுமிச்சை ஒன்றைப் பிழிந்தாள். பாகு விட்டாள். ஐஸ் போட்டு, மூடி இறுக்கமான பாட்டிலில் வளையல் குலுங்கக் குலுக்கினாள். கண்ணாடித் தம்ளரில் வடிகட்டினாள். பழக்கதோஷத்தில் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தாள்.

நாக்கு அதை உடனே கண்டுகொண்டது.

பாத்திரம் மாறிவிட்டதோ என்று அடுப்பைப் பார்த்தாள். டிகாஷன் வைத்தது வைத்தபடி இருந்தது. ஷோகேஸ் பாட்டிலிலிருந்து ஒரு மூடி ஊற்றி அப்படியே வாயில் விட்டாள்.

டீ. விருந்தாளி கிளம்பிப் போன பிறகும் அறையில் நிற்கும் சென்ட் வாசனை போல, அதன்மேல் லேசாக விஸ்கி வாடை.

எந்தப் பூட்டுக்கும் இரண்டு சாவி உண்டு. பூட்டுக் கடைக்காரனோடு இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியும் அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. ஒரே ஒருவர் டீ குடிக்கிற வீட்டில் மாதம் மூன்று பாக்கெட் தூள் எப்படித் தீர்ந்தது என்பதும்.

கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். வந்தது சிரிப்புத்தான். பாழாய்ப்போன எலுமிச்சையும் சர்க்கரையும் வேறு அவ்வளவு பொருத்தமாக இருந்தன. இன்னொரு வாய் குடித்தாள். அதற்கடுத்த வாயைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிய சேவியர் அப்படியே நின்று மூக்கை உறிஞ்சினான்.

"என்னா ஆனந்தி, டீ வாசம் தூக்குது? இம்புட்டு நாளு பொறுத்தவளுக்கு இன்னும் ஒரு ராத்திரி பொறுக்க முடியலையாக்கும்?"

ஆக, அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் எதை விட்டாள் என்பது இத்தனை நாளும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நொடி அவளுக்கு மனம் குளிர்ந்தே போனது.

மறு நொடி தம்ளரோடு வாசலுக்கு வந்தாள்.

"ஒங்க பாட்டில்ல இருந்துதாங்க ஊத்துனேன்."

சேவியர் இன்னொரு செருப்பைக் கழற்றவே இல்லை.