துண்டு வீச்சு

எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. பேஸ்பால் அணியில் பந்து வீசிய அண்ணனுக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்த வருடம் அது. அணி மறுபடி சேர்த்துக்கொள்ளுமா என்பதே வீட்டின் கவலை. பந்தைத் தொடக்கூடாது என்றார் மருத்துவர். அதனால் கார் ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு, பந்துக்குப் பதில் ஒரு துண்டின் நுனியைப் பிடித்து, கையைவிட்டு விடாமலே வீசிப் பழகினான். எதிரே, துண்டு எட்டாத தூரத்தில், பந்தைத் தடுக்க முன்பு கட்டிய வலை ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவில் குழிந்து மீண்டது.

"அண்ணா, வலை ஆடுது."

"காத்துதான்" என்றான். பிறகு, "எதுக்கும் நீ ஓரமா நில்லு."

அணி அவனைச் சேர்க்கவில்லை. இப்போது பேருந்து ஓட்டுகிறான். நான் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறேன். அம்மா அந்த வலையில் துணி காயப்போடுகிறாள். நடுவில் போட்டால் காற்றில்லாமலே விழுந்துவிடுகிறதாம், ஓரங்களில்தான் போடுகிறாள்.