அடுத்த மாசக் காசு

பள்ளிக்கூட வாத்தியார் மரிய அந்தோணி சாருக்குக் கோபம் வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். அன்றைக்குக் கழற்றி, கல்யாணசுந்தரியின் மருந்துக்கடை மேசைமேல் டக்கென்று வைத்தே விட்டார்.

அவர் பக்கம் நியாயமும் இருந்தது.

மாதத்தின் முதல் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, அந்தக் கடை எஸ்.டி.டி. போனில் மதுரை நரம்பு டாக்டர் பேசுவார். மாதாமாதம் மதுரைக்கு அலைய முடியாதவர்கள் காரைக்குடியிலேயே வரிசையில் நின்று, வீட்டு நோயாளியின் நிலைமையைச் சொல்வார்கள். அவர் சீட்டு எழுதித் தன் கிளினிக்குக்குக் கீழே இருக்கிற மருந்துக்கடையில் கொடுத்துவிடுவார். ஒன்பது மணி பஸ்சில் கண்டக்டர் கையில் பணம் போகும், சாயந்தர பஸ்சில் மருந்து வரும். பணம் போகாவிட்டால் மருந்து வராது. மதுரைக் கடைக்காரர் அதில் படு கறார்.

கல்யாணசுந்தரி அவரையும் மிஞ்சியவர். இந்த மாத மருந்துக்குப் போன மாதமே பணம் கட்டியிருக்க வேண்டும். இன்றைக்குக் கட்டுவது அடுத்த மாதத்துக்கு.

சார் மூன்று வருடமாக முணுமுணுத்துக்கொண்டே கட்டிவந்தார். என்ன செய்வது, மனைவி லூசியாவுக்குக் கைநடுக்கம். மாத்திரை ஒரு நாள் தப்பினாலும் தம்ளரைப் பிடிக்க முடியாது.

அன்று வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர் தச்சு வேலை செய்யும் ஆசைத்தம்பி. அவர் மகள் முத்துமாரிக்கு வலிப்பு. டாக்டரிடம் பேசி முடித்துவிட்டு, அடைமழையில் ஒரு மாதமாக வேலையே இல்லை என்று தலையைச் சொறிந்தார். முன்பு கட்டிவைத்ததும் தீர்ந்துபோயிருந்தது.

"அதை அப்பறம் பாத்துக்கிரலாம். சாயந்தரம் வந்து மருந்தை வாங்கிக்கங்க" என்றார் கல்யாணசுந்தரி.

அடுத்து சார். போனை வைத்ததும் வைக்காததுமாக, "அடுத்த மாசக் காசு, சார்?" என்று கை நீண்டது.

அங்கேதான் கண்ணாடி கழன்றது.

சம்பளக்காரன் என்றால் இளிச்சவாயனா என்று கேட்டார். ஆளுக்கொரு சட்டமா என்று கேட்டார். வரிசையில் நின்ற நாலு பேரும் தலையாட்டியதில் குரல் இன்னும் ஏறியது.

"ஊரான் காசை ஒரு மாசம் கையில வச்சுக்கிட்டு என்ன பண்ணுறீக? வட்டிக்கு விடுறீகளா? இனிமே மருந்து என் கைக்கு வந்த பெறகுதான் காசு தருவேன்."

கல்யாணசுந்தரி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"உங்க வீட்டு மருந்துக்குக் காசு இருக்கு, சார். அது வந்துரும். ஆனா முத்துமாரி மருந்து இன்னைக்கு வராது."

தன் அடுத்த மாசக் காசில்தான் முத்துமாரிக்கு இன்றைக்கு மருந்து வர இருந்தது என்று சாருக்கு அப்போதுதான் புரிந்தது. மழை விட்டிருக்கிறதா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆசைத்தம்பிக்கும் புரிந்துவிட்டது. "சாரைத் தொந்தரவு பண்ணாதீக, அக்கா. நான் எங்குட்டாச்சும் பெரட்டிக்கிட்டு வாரேன்" என்று குடையை எடுத்தார்.

சாருக்கு ஆற்றாமையாக இருந்தது. தன் பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறவர், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? பழைய கதையும் நினைவுக்கு வந்தது. அவர் பள்ளிக்கூடம் மாறி வந்த வருடம், ஆபீசில் பேப்பர் நகராமல் ஐந்து மாதம் சம்பளமே இல்லை. அப்போது இதே கல்யாணசுந்தரி முகம் சுளிக்காமல் மருந்து வரவழைத்துக் கொடுத்தார்.

"அப்ப அஞ்சு மாசம் எனக்குக் கடன் குடுத்தீக. சம்பளம் வந்த அன்னைக்கே மொத்தமாக் கட்டுனேன். வாத்தியார்னு அன்னைக்கு இருந்த நம்பிக்கை இன்னைக்கு எங்க போச்சு?"

"நான் கடன் குடுக்கல, சார்" என்றார் கல்யாணசுந்தரி. "எங்கிட்ட ஏது அம்புட்டுக் காசு? கண்டனூர்ல ஒரு வீட்டு மரவேலை முடிஞ்ச கையோட, ஒருத்தர் தன் மகளுக்கு ஒரு வருச மருந்துக்காசை மொத்தமாக் கட்டி வச்சிருந்தாரு. அதை எடுத்துத்தான் லூசியாம்மாவுக்கு அனுப்புனேன். உங்ககிட்டக் கேக்காதது தப்புதான். அன்னைக்கு அவருகிட்டக் கேட்டேன். தாராளமா எடுத்துக்கங்கன்னாரு."

அப்படிக் கட்டியவர் யார் என்று சார் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. வாசலில் குடையோடு நின்றவர் அவரைவிட அதிகமாகத் திகைத்துப் போயிருந்தார்.

"சாருக்கா குடுத்தீக?" என்றார் ஆசைத்தம்பி.

மேசைமேல் இருந்த கண்ணாடி சாரின் கைக்கு உடனே அகப்படவில்லை. பையிலிருந்த பணத்தை எடுத்துக் கல்யாணசுந்தரியிடம் கொடுத்து, பஸ் போய்விடப் போகிறது, சீக்கிரம் அனுப்புங்கள் என்றார். பிறகு வாசலுக்குப் போய் ஆசைத்தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். உளி பிடித்துக் காய்த்துப்போன கை. அந்த ஐந்து மாதமும் லூசியா தன் கையால் காபி குடித்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள் என்று சொன்னார். ரொம்ப நன்றி என்றார்.

"அது யாருக்குப் போகுதுன்னு ஒரு தடவகூடக் கேக்கத் தோணலையா உங்களுக்கு?" என்று கேட்டார் சார்.

ஆசைத்தம்பி கூச்சத்தோடு கையை விடுவித்துக்கொண்டார்.

"அக்கா சொல்லத்தான் வந்தாக, நான்தான் வேணாம்னுட்டேன். தெரிஞ்சிருந்தா, ரோட்டுல உங்களைப் பாக்குறப்பயெல்லாம் நான் குடுத்தது எனக்கு ஞாபகம் வந்துருமே, சார்."