மூன்றாவது டயர்

அன்றுதான் முதன்முறையாக நான் கைரோகாப்டர் என்ற இரண்டு சீட்டுக் குட்டி விமானத்தில் தனியாகப் பறக்க வேண்டும். பயிற்சியாளர் டார்சி பின்சீட்டிலிருந்து இறங்கினார். ஆளில்லாத அந்த சீட்டின் பெல்ட் பின்னால் சுழலும் விசிறியில் சிக்கிவிடாதபடி, சீட்டோடு ஒட்ட இறுக்கிப் பூட்டினார்.

"ரெண்டு பேரா போனா ஓரத்துல இருக்கற நாலாவது டயர்கிட்டதான் எழும்பும். நூறு கிலோ நான் எறங்கிட்டேன், ரெண்டாவதுலயே துள்ளும். கத்தி மாடுங்கள மெரட்டிடாதே, ஹெட்டி."

செம்மண் ஓடுபாதையோரம் வெள்ளையடித்த டயர்களை எண்ணிக்கொண்டே போனேன். மூன்றாவதில் எழும்பியது.

பண்ணையைச் சுற்றிவிட்டு ஆடாமல் இறங்கினேன். டார்சி நேராகப் பின்சீட்டுக்கு வந்தார். அவர் இறுக்கிய பெல்ட் பூட்டியபடியே, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. அதற்குள் தன்னைத் திணித்துப் பார்த்தார்.

"எனக்குப் பத்தல. ஒல்லியான ஆளு."

"யாரு?"

"எனக்கென்ன தெரியும்? இன்னொரு ரவுண்டு போயிட்டு வா."

இந்த முறை அவர் பெல்ட்டை இறுக்கவில்லை.