தாத்தா தொரையின் காம்பரா

இலங்கையில் றக்வானப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பங்களா கட்டுவதற்கு முன்பு தன் தாத்தா எங்கே குடியிருந்தார் என்று வெள்ளைக்காரத் தொரை விசாரித்தார். அந்த வீட்டை அப்படியே பாதுகாத்து, வருகிறவர்களுக்குக் காட்டப்போகிறாராம்.

தோட்டத்துக்கே பழைய ஆளான மாடசாமி, தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குக் கூட்டிப்போய், கடைசிக் காம்பராவுக்குள் கைகாட்டினான்.

“இதுதாங்க தொரை. இந்த மூலையிலதான் படுப்பாருன்னு எங்கப்பா சொல்லுவாரு.”

தொரை மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். தலையில் ஒரு சொட்டு விழுந்தது.

“பதினோரு வருஷமா ஒழுகுதுங்க. தாத்தா தொரை வீடு நனையலாமுங்களா?”

மூன்றே நாளில் புதுத் தகரம் ஏறியது. தரைக்குச் சிமெந்து, சுவருக்குச் சுண்ணாம்பு. ஆணியெல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று மாடசாமியே மேலே ஏறிப் பார்த்தான்.

தாத்தா காலில் போட்டிருந்த சப்பாத்தையும் துப்பாக்கியையும் உள்ளே வைத்த தொரை, கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இனி இதுல யாரும் இருக்கக் கூடாது. இருந்தவங்களுக்குப் பக்கத்துக் காம்பராவக் குடு” என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் குதிரையேறினார்.

பக்கத்துக் காம்பராவுக்குப் பாதிக் கூரைதான் இருந்தது.

சுண்ணாம்பு அடிப்பதற்காக வெளியே எடுத்துவைத்த பானை சட்டிகளுக்கு நடுவில் மாடசாமியின் மனைவி பேச்சி உட்கார்ந்திருந்தாள்.

“நம்ம காம்பராவுக்குக் கூரை போட வைக்கிறேன்னு சொன்னீங்க, போட வச்சிட்டீங்க” என்றாள். “மழை வர்றதுக்குள்ள பானையத் தூக்குங்க.”