கடைசி எட்டுப் பக்கம்

புத்தகத்தின் கடைசி எட்டுப் பக்கம் பலாப்பாலில் ஒட்டிப் போய்விட்டது.

பிரிக்கிறேன் என்று தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறாள். பலா அறுத்த கைக்கு எண்ணெய் சரி. காகிதத்துக்கு? ஊறி, கிழிந்து, கூழாகித்தான் நூலகத்துக்குத் திரும்பி வந்தது.

செய்தவள் கண்ணாயி. இதே மலையில் வளப்பூர் நாட்டுக்காரி. பலாச்சுளை எடுக்கிற வேலை. மடியில் பலா, பக்கத்தில் நூலகப் புத்தகம்.

"சிரிப்பு தாங்கலீங்க ஐயா. கை கழுவறதுக்குள்ள முடிவு என்னன்னு பாத்துப்புடலாம்னு திருப்பினேன்."

"பாத்தியா?"

"எங்கீங்க. அதுக்குள்ள ஒட்டிக்கிச்சு."

என் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் அந்த நாவலின் நிறைகுறைகளை நான்தான் பேச வேண்டும். எழுதியவரே சேலத்திலிருந்து மலையேறி வருகிறார். இருந்தது ஒரே பிரதி. கடைகளிலும் தீர்ந்துவிட்டதாம். அவரிடமே முடிவைக் கேட்டுவிடலாம் என்றாள் நூலகர் தேன்மொழி. படிக்காமல் பேச வருகிறவன் என்று நானே போன் போட்டுச் சொல்வதா?

"முதல்ல இவ அட்டையை வாங்கி வை. இனி ஒரு புத்தகம் குடுக்காதே," என்றேன்.

கண்ணாயி உறுப்பினர் அட்டையை மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மிச்சத்தைப் படித்தேன். முந்நூறு வருஷம் ராஜாவிடம் ஊழியம் பார்த்த பூதம் ஒருநாள் லீவு கேட்கிறது. விண்ணப்பத்தில் அந்த முத்திரை இல்லை, இந்த முத்திரை இல்லை என்று குமாஸ்தா திருப்பியனுப்புகிறான். முதல் தடவை சிரித்தேன். ஏழாவது தடவை புத்தகத்தை மூடிவிட்டேன். நடுவில் மூன்று ராஜாக்கள் வேறு. எதற்கு வந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

குறை இரண்டு பக்கம் எழுதினேன். நிறை என்று தலைப்புப் போட்ட தாள் வெறுமையாகக் கிடந்தது.

சனிக்கிழமை தேன்மொழி எட்டு நோட்டுத் தாள்களை நீட்டினாள். பேனா எழுத்து.

"முடிவுங்க ஐயா. ஆனா இதுல ஒரு விஷயம்..."

"விஷயமெல்லாம் அப்புறம். குடு."

வேறு எங்கோ ஒரு பிரதியைப் பார்த்து எழுதி வாங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நின்றபடியே படித்தேன்.

பூதத்துக்கு லீவு கிடைத்துவிடுகிறது. ஆனால் முந்நூறு வருஷம் நின்றே பழகியதற்கு உட்காரத் தெரியவில்லை. முழங்காலை மடக்கினால் இடி இடிக்கிறது. மழை என்று பயந்து ஊரே காயப்போட்ட மிளகை வாரிக்கொண்டு ஓடுகிறது. கடைசியில் ஒருத்தி வந்து, "சும்மா உக்காரு சாமி. இன்னிக்கு உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க," என்கிறாள். பூதம் உட்கார்ந்து அழுகிறது.

தேன்மொழி பார்க்காத பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிறு. நூலகத்திலேயே கூட்டம். சுற்றி வளைக்கவில்லை. இருநூறு பக்கம் இழுவை, ஒரே சிரிப்பை ஏழு தரம் விற்கிறார், ராஜாக்களை வெட்டி எறியலாம் என்றேன். எழுத்தாளர் மணிவண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"நிறை ஒண்ணுதான். கடைசி எட்டுப் பக்கம். பூதம் உட்காரக் கத்துக்கிற இடம். அதுக்காக மத்ததெல்லாம் மன்னிக்கலாம்."

அவர் முகம் மாறிவிட்டது.

"ஐயா, என் கதையில பூதம் இளவரசியைக் கட்டிக்கிட்டு வானத்துக்குப் போயிடுதுங்களே. எங்கயும் உக்காரலீங்க."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தாள்களை அவரிடம் கொடுத்தேன். அங்கேயே படித்தார். மிளகு வாருகிற இடத்தில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

"அடுத்த பதிப்புல இந்த முடிவையே போட்டுக்கறேன். எழுதினவங்க சம்மதிக்கணும். யாருங்க அவங்க?"

நான் தேன்மொழியைப் பார்த்தேன்.

"நேத்தே சொல்ல வந்தேங்க. நீங்க கேக்கல," என்றாள். "தன்னால ஐயா சபையில வெறுங்கையா நிக்கக் கூடாதுன்னு, ரெண்டு நாள் வேலைக்குப் போகாம எழுதிக் குடுத்தாங்க."

மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் உறுப்பினர் அட்டையை எடுத்து என் கையில் வைத்தாள்.

அதிலிருந்த பெயரை மைக்கில் நானே படித்தேன்.

"கண்ணாயி."